பேலன்ஸ்: சமநிலையா, ஈடா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் சூப்பர்ஹீரோ பாத்திரமேற்பு விளையாட்டுகளில் அதிகம் சண்டை மூட்டும் சொல் ‘பேலன்ஸ்’. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு சூப்பர்ஹீரோவாக ஆடுவார், பல விளையாட்டுகளில் அந்தப் பாத்திரத்தின் ஆற்றல்களைக் குறிப்பிட்ட புள்ளிகள் கொடுத்து வாங்குவார். “இந்தப் பவர் பேலன்ஸ் இல்லை” என்று ஒருவர் சொன்னால் அவர் மனத்தில் மூன்றில் ஒன்று இருக்கும். கொடுத்த புள்ளிக்கு மேல் அந்த ஆற்றல் வேலை செய்கிறது என்பது ஒன்று. ஒரே பாத்திரம் எல்லாக் காட்சியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. பெரிய வில்லனை ஒரே அடியில் சாய்த்துவிடுகிறது என்பது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. முதலாவதற்கு விலையை மாற்றவேண்டும். மூன்றாவதற்கு உச்சவரம்பு வேண்டும். இரண்டாவது எந்த விதிப்புத்தகத்தாலும் தீராது, ஆட்டம் நடத்துபவர்தான் கவனிக்கவேண்டும். ஒரே சொல்லுக்குள் மூன்றும் கிடப்பதால்தான் வாதம் முடிவில்லாமல் நீள்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘பி’ என்றால் இரண்டு, ‘லாங்க்ஸ்’ என்றால் தட்டு. இரண்டு தட்டுள்ள தராசு ‘பிலாங்க்ஸ்’. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கணக்கில் வரவையும் செலவையும் நேராக்க எழுதும் மிச்சத் தொகைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ‘பேலன்ஸ் எவ்வளவு இருக்கு?’ என்று நாம் கேட்பது அந்தப் பொருளில்தான். அதற்குத் தமிழ் இருப்பு, பாக்கி. சைக்கிளில் விழாமல் நிற்பதற்கும் பேலன்ஸ் என்கிறோம், அது சமநிலை. விளையாட்டு விதியில் வரும் பேலன்ஸ் இந்த இரண்டும் அல்ல, பழைய தராசேதான். ஒரு தட்டில் ஆற்றல், மறுதட்டில் அதற்குக் கொடுத்த புள்ளி.

‘தராசு’ என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. தமிழில் அதற்குக் கோல், நிறைகோல் என்று சொல் உண்டு. நடுவுநிலைமை அதிகாரத்தில் 118-ஆம் குறள் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ என்கிறது. இதில் இரண்டு வேலைகள் வரிசையாக இருப்பதைக் கவனிக்கவேண்டும். கோல் முதலில் தான் சமனாக நிற்கிறது, பிறகுதான் தன்மேல் வைத்ததை எடை போடுகிறது. புள்ளிக்கு ஆற்றல் வாங்கும் விளையாட்டிலும் இதே வரிசைதான். எல்லாருக்கும் ஒரே தொடக்கப் புள்ளி, ஒரே உச்சவரம்பு என்பது சமன்செய்தல். ஒவ்வோர் ஆற்றலுக்கும் தகுந்த விலை குறிப்பது சீர்தூக்கல். முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைப்பதுதான் வழக்கமான தவறு. “எல்லாரும் 250 புள்ளிதானே, பிறகென்ன?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

‘பவர் காஸ்ட்’ என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. பாத்திரத்தை உருவாக்கும்போது ஒருமுறை கொடுப்பதும் காஸ்ட், ஆட்டத்தில் அந்த ஆற்றலைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் கரைவதும் காஸ்ட். நமக்கு முன்னது விலை, பின்னது செலவு. விலை விற்பதிலிருந்து வந்தது, செலவு செல்வதிலிருந்து வந்தது. ‘புள்ளிவிலை’, ‘தெம்புச் செலவு’ என்று பிரித்துச் சொன்னால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். ஆட்டத்தில் இப்படிக் கரையும் இருப்புக்கு ஆங்கிலத்தில் ‘எண்டியூரன்ஸ்’ என்று பெயர், அகராதிகள் அதைத் தாங்குதிறன் என்கின்றன. ஆனால் அடித்து அடித்துக் கரையும் பொருளுக்குத் தெம்பு என்பதே சரியாக உட்காருகிறது.

புள்ளிவிலை என்ற ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்ததல்ல. அச்சில் வந்த முதல் சூப்பர்ஹீரோ பாத்திரமேற்பு விளையாட்டான ‘சூப்பர்ஹீரோ 2044’ 1977-இல் வெளியானது. 1979-இல் வந்த ‘வில்லன்ஸ் அண்ட் விஜிலன்டீஸ்’ ஆற்றலைப் பகடையிடம் விட்டது, விழுந்தது எதுவோ அதுதான் உங்கள் வீரர். 1981-இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் எழுதிய ‘சாம்பியன்ஸ்’ கடை விரித்து வைத்தது. புள்ளி இத்தனை, ஆற்றலின் விலை இத்தனை, வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். விலை என்று ஒன்று வந்ததும் ‘விலை சரியா?’ என்ற கேள்வியும் கூடவே வந்தது.

சாம்பியன்ஸின் கணக்கு இப்படிப் போகும். தொலைவிலிருந்து எதிரியை அடிக்கும் ஆற்றல் வீச்சுக்கு ஓர் ஆறுமுகப் பகடைக்கு 5 புள்ளி, பகடைகளின் கூட்டல்தான் அடி. 8 பகடை வீச்சு 40 புள்ளி. அதற்கு அரை மடங்கு மதிப்புள்ள மேற்சேர்க்கை, அதாவது ஆற்றலின் பயனைக் கூட்டும் அம்சம், ஒன்றைச் சேர்த்தால் 40-ஐ ஒன்றரையால் பெருக்கவேண்டும், 60. இது முழுவிலை, ஆற்றலின் உண்மையான வலிமையைக் காட்டும் எண். இனித் தடைகள். வீச்சு ஒரு துப்பாக்கியிலிருந்துதான் வரும், அதை எதிரி பிடுங்கிவிடலாம் என்றால் அது ஒரு மடங்குத் தடை. ஒன்றுடன் தடையின் அந்த ஒரு மடங்கைக் கூட்டினால் இரண்டு, 60-ஐ அந்த இரண்டால் வகுத்தால் 30. வீரர் கொடுக்கவேண்டியது இவ்வளவுதான். தெம்புச் செலவோ முழுவிலையின் மேல் கணக்காகும். 1989-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து 10 புள்ளிக்கு 1 தெம்பு, ஆக ஒவ்வொரு வீச்சுக்கும் 6.

இந்த வகுத்தலில் ஒரு நுணுக்கம். முதல் மடங்குத் தடை 60-ஐ 30 ஆக்குகிறது, மிச்சப்படுவது 30 புள்ளி. இரண்டாவது அதை 20 ஆக்குகிறது, மேலும் மிச்சப்படுவது 10. மூன்றாவது 15, மிச்சம் வெறும் 5. தடைகளை அடுக்கிக்கொண்டே போவதில் பெரிய ஆதாயம் இல்லை. விதியே தன்னைக் காத்துக்கொள்ளும் நல்ல இடம் இது. அது காக்காத இடம் ஒன்று உண்டு: பத்து ஆட்டங்கள் ஆகியும் எந்த வில்லனும் அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கவில்லை என்றால் 30 புள்ளி இலவசமாகப் போய்விட்டது. தடுக்காத தடைக்குத் தள்ளுபடி கிடையாது. இதைக் கவனிக்கவேண்டியவர் ஆட்ட நடத்துநர்தான்.

விலை தவறாகப் போனதற்கு இரண்டு பழைய உதாரணங்களைக் கணக்கோடு பார்க்கலாம். முதலாவது உடல்வலு. சாம்பியன்ஸில் ஐந்தாம் பதிப்பு வரை உடல்வலு ஒன்றுக்கு 1 புள்ளி. ஆனால் அதை உயர்த்தினால் வேறு சில பண்புகள் தாமாகவே உயரும். 10 புள்ளி கொடுத்து வலுவை 10 ஏற்றினால் உடற்காப்பு 2 கூடும், அதன் விலை 2. இழந்த தெம்பைத் திரும்பப் பெறும் மீட்சி 2 கூடும், ஒன்றுக்கு 2 வீதம் அதன் விலை 4. மயக்கத்தைத் தாங்கும் புள்ளி 5 கூடும், அதன் விலை 5. மொத்தம் 11. பத்து கொடுத்துப் பதினொன்று திரும்ப வருகிறது, கூடவே பாரம் தூக்கவும் குத்தவும் வலு இலவசம். மெல்லிய உடல்வாகுள்ள மந்திரவாதிக்கும் மனோவசியக்காரருக்கும் மல்லர் உடம்பு வந்தது இதனால்தான். ஆட்டக்காரர்கள் பேராசைப்பட்டார்கள் என்று குற்றம் சொல்லிப் பயனில்லை, விலைப்பட்டியலே அவர்களை அங்கே தள்ளியது. 2009-இல் வந்த ஆறாம் பதிப்பு இந்தத் தொடர்பைத் துண்டித்து, ஒவ்வொரு பண்பையும் தனித்தனியாக வாங்கச் சொன்னது.

இரண்டாவது இன்னும் சுவையானது. 60 புள்ளிக்கு 12 பகடை சாதாரண வீச்சு வாங்கலாம், அல்லது உயிருக்கே உலைவைக்கும் கொல்தாக்குதலைப் பகடைக்கு 15 வீதம் 4 பகடை வாங்கலாம். எதிரியை மயங்கி விழவைக்கும் அடிக்கு மயக்க அடி என்று பெயர், சாதாரண வீச்சில் அதன் சராசரி 42. கொல்தாக்குதலில் 4 பகடையின் கூட்டலை, அதாவது சராசரி 14-ஐ, இன்னொரு பகடை உருட்டி அதில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கவேண்டும். குறைந்தது 1 என்று விதி. ஆகப் பெருக்கி 1, 1, 2, 3, 4, 5 என்று ஆறு வகையாக விழும். சராசரி அடி சுமார் 37. பார்த்தால் கொல்தாக்குதல் மட்டம்போலத் தோன்றும்.

விழும் அடியில் எதிரியின் காப்பு எண் கழிந்து மிச்சம்தான் உள்ளே புகும், அதைக் கழித்துப் பாருங்கள். 14 என்ற சராசரியையே வைத்துக்கொள்வோம், எதிரிக்குக் கொல்தாக்குதலையும் தாங்கும் கடினக் காப்பு உண்டு என்று கொள்வோம். காப்பு 20 என்றால் வீச்சில் உள்ளே புகுவது 22, கொல்தாக்குதலில் சராசரியாக 19. காப்பு 25-இல் 17-க்கு 16. காப்பு 30-இல் 12-க்கு 13, தராசு சாய்ந்துவிட்டது. 35-இல் 7-க்கு 10.5. ஒரே விலை, எதிரி கனமாகக் கனமாகக் கொல்தாக்குதலே மேல். அதற்குமேல், ஆறில் ஒருமுறை பெருக்கி 5 விழும்போது 30 காப்பையும் தாண்டி 40 உள்ளே போகும், வில்லன் ஒரே அடியில் படுத்துவிடுவார். ஆட்டக்காரர்கள் இதை லாட்டரி என்று பெயரிட்டு அழைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆறாம் பதிப்பு பெருக்கியை 1 முதல் 3 வரை சுருக்கியது. 30 காப்புக்கு எதிரே அது மூன்றில் ஒருமுறை மட்டும் 12 தரும், மற்ற இரண்டு முறை ஒன்றுமில்லை. புள்ளிவிலையைத் தொடவே இல்லை, சிதறலை மட்டும் அடக்கினார்கள். சராசரியை மட்டும் வைத்து வாதிடுபவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

அடுத்தது வேகம். 12 நொடிகள் கொண்ட ஒரு சுற்றில் வேகம் 4 உள்ளவர் நான்கு முறை செயல்படுவார், 6 உள்ளவர் ஆறு முறை. வித்தியாசத்தின் விலை 20 புள்ளி. 250 புள்ளி வீரருக்கு அது நூற்றுக்கு 8, கிடைப்பதோ பாதி மடங்கு கூடுதல் முறை. அப்படியானால் வேகம் மலிவா? அதே 20 புள்ளியை வீச்சில் போட்டால் 12 பகடை 16 ஆகும், சராசரி 56. காப்பு 25-க்கு எதிரே நான்கு அடியில் 124 உள்ளே புகும். வேகத்தில் போட்டால் ஆறு அடியில் 102. உச்சவரம்பு இல்லாதபோது வீச்சுதான் லாபம். நடத்துநர் ‘12 பகடைக்கு மேல் கூடாது’ என்று சொன்ன அன்றே எல்லாரும் வேகத்தை நோக்கி ஓடுவார்கள். ஓர் இடத்தில் அணை கட்டினால் தண்ணீர் வேறு வழி பார்க்கும், வரம்பு வைப்பவர் அந்த வழியையும் பார்த்து வைக்கவேண்டும்.

உச்சவரம்பை விதியின் நடுவிலேயே வைத்தது 2002-இல் ஸ்டீவ் கென்சன் வடிவமைத்த ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ என்ற விளையாட்டு. அதன் மூன்றாம் பதிப்பில் ஆற்றல்படி, அதாவது ஆட்டத்தின் பலநிலையைக் குறிக்கும் எண், 10 என்றால் 150 புள்ளி. தாக்கும் திறமையும் அடியின் வலிமையும் சேர்ந்து படியின் இரு மடங்கைத் தாண்டக்கூடாது. 10-உம் 10-உம் இருக்கலாம், குறி தவறாதவருக்கு 12-உம் 8-உம், முரட்டு அடிக்காரருக்கு 8-உம் 12-உம். தற்காப்புக்கும் இதே போன்ற இணைவரம்பு உண்டு. குறி பார்க்காமலே படும் தாக்குதலின் வலிமை படியோடு நின்றுவிடவேண்டும். இங்கே புள்ளி அகலத்தை அளக்கிறது, வரம்பு உயரத்தை அளக்கிறது. அதனால் விலைப்பிழை சண்டையை முழுக்கக் குலைப்பதில்லை.

ஆனாலும் ஓட்டை உண்டு. 20 புள்ளித் தொலைதாக்குதல் ஒன்றை வாங்கி, அதே அளவுள்ள மாற்று ஆற்றல்களை ஒன்றுக்கு 1 புள்ளி வீதம் தொடுக்கலாம். ஆறு ஆற்றல் 25 புள்ளிக்குக் கிடைத்துவிடும், தனித்தனியாக வாங்கினால் 120. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம் என்பதே இந்தத் தள்ளுபடிக்கு ஈடு. எந்நாளும் சேர்ந்தே பயன்படாத ஆற்றல்களைத் தொடுத்தால் ஈடு எதுவும் கொடுக்கவில்லை. பாத்திரத் தாளைச் சரிபார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தத் தொடுப்பைத்தான்.

குறைபாடுகளை இரண்டு விளையாட்டுகளும் கையாளும் விதம் ஒப்பிடத்தக்கது. சாம்பியன்ஸ் நான்காம் பதிப்பில் 100 புள்ளி அடிப்படை, பகைவர், சார்ந்திருப்போர், பலவீனம் என்று எழுதிக்கொடுத்தால் மேலும் 150 வரை. பணம் முன்னால் வந்துவிடுகிறது, கடன் எப்போது வசூலாகும் என்பது நிச்சயமில்லை. மியூட்டன்ட்ஸ் மூன்றாம் பதிப்பில் இத்தகைய குறைபாட்டுக்குச் சிக்கல் என்று பெயர், அதற்குத் தொடக்கப் புள்ளி கிடையாது. சிக்கல் ஆட்டத்தில் உண்மையிலேயே கடிக்கும்போதுதான், தேவையான நேரத்தில் செலவிடக்கூடிய ஒரு நாயகப் புள்ளி கிடைக்கும். இரண்டாவதே நேர்மையான கணக்கு என்பது என் தீர்ப்பு.

இனித் தமிழ்ச் சொல். ‘சமத்துவம்’ மனிதருக்குரியது. ‘நடுநிலை’ நடத்துநரின் குணம். ‘சமன்பாடு’ கணிதம் எடுத்துக்கொண்டது. ‘சமநிலை’ பரவலாக ஓடுகிறது, தவறில்லை. ஆனால் எல்லாரும் ஒரே பலத்தோடு இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை அது தருகிறது. மலையைப் புரட்டுபவரும் பூட்டுத் திறக்கும் துப்பறிவாளரும் ஒரே அணியில் இருக்கும் ஆட்டத்துக்கு அந்த எண்ணம் பொருந்தாது. விலைக்கும் பயனுக்கும் உள்ள பொருத்தத்தைச் சொல்ல நான் பரிந்துரைப்பது ‘ஈடு’. இடு என்ற வினை நீண்டு ஈடு ஆனது, படு பாடு ஆனதுபோல. தட்டில் இடுவது ஈடு. ‘அவருக்கு ஈடில்லை’ என்னும்போது ஒப்பு, ‘இழப்பீடு’ என்னும்போது பதிலுக்குக் கொடுப்பது, ‘ஈடுகொடு’ என்னும்போது தாக்குப்பிடிப்பது. இந்த விளையாட்டு கேட்கும் மூன்று பொருளும் அந்த இரண்டெழுத்தில் இருக்கின்றன.

மேசையில் இதை இப்படிப் புழங்கலாம். “கொல்தாக்குதல் 60 புள்ளிக்கு ஈடு, ஆனால் சிதறல் அதிகம்.” “மனத்தைப் படிக்கும் ஆற்றலுக்கு விலை சரி, துப்பறியும் கதையில் மட்டும் நடத்துநர் அனுமதி வேண்டும்.” “உன் வீச்சு வரம்புக்குள்தான் இருக்கிறது, தொடுப்புதான் ஈடில்லாமல் இருக்கிறது, அந்த நான்காவது ஆற்றலைத் தனியாக வாங்கு.”