கலயத்தில் சுண்ணாம்பு, பீப்பாயில் வெண்ணெய்

என் மச்சினன் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது விமான நிலையக் கடையில் இரண்டு புட்டி வெள்ளை ஒயின் வாங்கி வந்தான். பாளையங்கோட்டையில் சித்திரை மாதம். இரண்டு புட்டிக்கும் ஃப்ரிட்ஜில் இடமில்லை. மாவுப் பாத்திரம் ஒரு தட்டையே அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்று உள்ளே போனது, மற்றது அவன் சூட்கேஸிலேயே கிடந்தது. ராத்திரி மொட்டை மாடியில் இரண்டையும் ருசி பார்த்துவிட்டு அவன் சொன்னது இது: "ஏமாத்திட்டானுவ அத்தான். ரெண்டும் ஒரே திராட்சைன்னு போட்டிருக்கு. ஒண்ணு எலுமிச்சம்பழத்தக் கடிச்ச மாதிரி இருக்கு, இன்னொண்ணுல வெண்ணெய் உருக்குன வாசம் அடிக்கி."

யாரும் ஏமாற்றவில்லை. ஒரு புட்டி பிரான்சின் ஷாப்ளி என்ற ஊரிலிருந்து வந்தது, மற்றது கலிஃபோர்னியாவிலிருந்து. இரண்டிலும் இருந்தது ஷார்டொனே என்ற திராட்சைதான். ஷாப்ளிக்காரர்கள் அதைப் பின்பக்கச் சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். முன்பக்கத்தில் ஊர்ப் பெயர் மட்டும். நாம் உடன்குடி கருப்பட்டி, கோவில்பட்டி கடலை மிட்டாய் என்று சொல்வதில்லையா, அந்தக் கணக்கு.

தேரிக்காட்டு ஓரத்தில் பிறந்த எங்கள் குடும்பத்து ஆள் இப்படி ஒரு சந்தேகம் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரே பனை. அதில் இரண்டு பாளை, இரண்டு கலயம். ஒரு கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கிறது, மற்றதில் இல்லை. விடிந்ததும் இறக்கினால் முதல் கலயத்தில் இருப்பது பதனி, இரண்டாவதில் இருப்பது கள். பாளையைச் சீவிய இடத்திலும் பழைய கலயத்திலும் பூச்சிகளின் காலிலும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். இனிப்புச் சாறு கிடைத்தால் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் அதற்கு வேலை ஓடாது. மரமும் அதேதான், இரவும் அதேதான். ஒரு விரல் சுண்ணாம்பு பண்டத்தையே மாற்றிவிடுகிறது. (ஒன்றைக் காலையில் பட்டையில் வாங்கிக் குடிக்கலாம், மற்றதை இறக்கத் தமிழ்நாட்டில் தடை.) ஒயின் செய்கிறவர் முன்னால் இதுபோல ஒரு முடிவு இல்லை, பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன.

அந்த முடிவுகளுக்குப் போகுமுன், "ஒரே திராட்சை" என்பது எவ்வளவு உண்மை? பனையைக் காட்டிலும் உண்மை. பனை கொட்டையிலிருந்து முளைப்பது, ஆகவே ஒவ்வொரு மரமும் தனிப் பிறவி. திராட்சைக் கொடியைக் கொப்பு வெட்டி நடுகிறார்கள், நாம் முருங்கைக் கொப்பை ஊன்றுவது போல. அதனால் ஷாப்ளியில் இருக்கும் ஷார்டொனேயும் கலிஃபோர்னியாவில் இருக்கும் ஷார்டொனேயும், ஆங்காங்கே தலைகாட்டும் சிறு மாற்றங்கள் நீங்கலாக, ஒரே செடியின் துண்டுகள். அந்த மூலச் செடிக்கு அப்பா அம்மா யார் என்பதும் 1999-இல் டிஎன்ஏ சோதனையில் தெரிந்துவிட்டது: பெயர்பெற்ற பினோ ஒன்று, யாரும் மதிக்காத கூவே பிளான் என்ற நாட்டுத் திராட்சை மற்றொன்று.

சரி, செடி ஒன்றென்றால் வேறுபாடு எங்கே தொடங்குகிறது? வெயிலில்.

பழுக்கிற திராட்சையில் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். அந்தப் புளிப்பில் இரண்டு அமிலங்கள் முக்கியம். ஒன்று டார்டாரிக் அமிலம். நம் குழம்புப் புளியின் புளிப்பும் இதே அமிலம்தான். மற்றது மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல்லைக் கூசவைப்பது. வெப்பம் அதிகமானால் பழம் தன் சுவாசத்துக்கு மாலிக் அமிலத்தை எரித்துக்கொள்ளும். டார்டாரிக் அவ்வளவு எளிதில் எரியாது. குளிரான ஷாப்ளியில் மாலிக் மிச்சம் நிற்கிறது. ஏப்ரல் மாதத்திலும் உறைபனி விழுந்து தளிரைக் கருக்கிவிடுமோ என்று தோட்டத்தில் ராத்திரி நெருப்பு மூட்டிக்கொண்டு காத்திருக்கிற ஊர் அது. கலிஃபோர்னியாவின் வெயிலடிக்கும் பள்ளத்தாக்குகளில் அமிலம் கரைந்து சர்க்கரை குவிகிறது. புட்டியைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். மச்சினன் கொண்டுவந்த ஷாப்ளியில் ஆல்கஹால் 12.5 சதவீதம், மற்றதில் 14.5. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால்தான் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். ஆக, பறிக்கும்போதே கலிஃபோர்னியத் திராட்சையில் லிட்டருக்கு 34 கிராம் சர்க்கரை கூடுதலாக இருந்திருக்கிறது. நாக்கில் அது வெறும் போதையாக மட்டும் தெரிவதில்லை. கெட்டியாக, லேசான இனிப்போடு, தொண்டையில் ஒரு சூட்டோடு தெரியும்.

அடுத்தது நொதிக்கும் சூடு. இதை நம் வீட்டு அடுக்களையிலேயே பார்க்கலாம். சித்திரையில் சாயங்காலம் ஆட்டிய மாவு நடுராத்திரிக்குள் பாத்திரத்தை விட்டு வழிந்து காலையில் ஒரு புளிப்பு புளித்திருக்கும். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆடி மாதத்தில் அதே அரிசி, அதே உளுந்து நிதானமாகப் பொங்கி வேறொரு ருசியில் நிற்கும். ஈஸ்ட்டும் அப்படித்தான். சூடு கூடினால் தலைதெறிக்க ஓடி வேலையை முடித்துவிடும். கிளம்புகிற வாயுவோடு மெல்லிய பழ மணங்களும் பறந்துவிடும். அதனால்தான் வெள்ளை ஒயினைப் பெரும்பாலும் 12 முதல் 18 டிகிரிக்குள் வைத்து, இரண்டு மூன்று வாரம் மெதுவாக நொதிக்க விடுகிறார்கள். குளிரில் நொதித்த சில ஒயின்களில் பழுத்த வாழைப்பழ மணம் தூக்கலாக இருக்கும். யாரும் வாழைப்பழம் போடவில்லை. வாழைப்பழத்தில் இருக்கிற அதே மணப்பொருளை, எஸ்டர் வகையைச் சேர்ந்த ஒன்றை, ஈஸ்ட் தயாரித்துவிடுகிறது.

இப்போது வெண்ணெய். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

ஈஸ்ட் வேலை முடிந்து ஓய்ந்தபின் ஈனோகாக்கஸ் என்ற பாக்டீரியா வரும். ஒயினில் மிச்சம் இருக்கிற மாலிக் அமிலத்தை எடுத்து லாக்டிக் அமிலமாக மாற்றும். லாக்டிக் என்றால் தயிரின் புளிப்பு. பச்சை ஆப்பிளின் கூர்மை போய்த் தயிரின் மென்மை வந்து உட்காரும். போகிற போக்கில் அந்தப் பாக்டீரியா ஒயினில் இருக்கும் கொஞ்சம் சிட்ரிக் அமிலத்தையும் தின்று டையசிட்டைல் என்ற பொருளை வெளிவிடும். தயிர் கடைந்து எடுத்த புது வெண்ணெயின் மணத்துக்குக் காரணமும் இதே டையசிட்டைல்தான். மச்சினன் மூக்கு பொய் சொல்லவில்லை.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. ஷாப்ளி ஒயினிலும் பெரும்பாலும் இந்த மாற்றம் நடக்கத்தான் செய்கிறது. அவ்வளவு புளிப்பை அப்படியே யார் குடிப்பது? பிறகு ஏன் அதில் வெண்ணெய் வாசம் இல்லை? விடை அடிமண்டியில் இருக்கிறது. ஈஸ்ட் மண்டியோடேயே ஒயினை விட்டுவைத்தால், அந்த ஈஸ்ட் டையசிட்டைலை இழுத்து மணமே இல்லாத வேறு பொருளாக ஆக்கிவிடும். வெண்ணெய் வேண்டாம் என்கிறவர் மண்டியை விட்டுவைப்பார், பொறுமையாக இருப்பார். வேண்டும் என்கிறவர் மண்டியை முதலிலேயே பிரித்துவிட்டு, மணம் உச்சத்தில் இருக்கும்போது கந்தக டை ஆக்சைடு சேர்த்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். ஒரே பாக்டீரியா, ஒரே வேலை; எப்போது நிறுத்துகிறோம் என்பதில்தான் மணம். கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் கூப்பனியை, அதாவது பதனிப் பாகை, இறக்கும் பதம் பற்றிப் பேசும்போது இதே கவலைதான் அவர்கள் முகத்தில் தெரியும்.

ஓக் மரப் பீப்பாய் பற்றி நிறைய எழுதுகிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் பர்கண்டிப் பக்கத்துப் பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். மரத்திலிருந்து வெனிலா மணமும், ஓக் லாக்டோன் என்ற பொருளால் தேங்காய் மணமும் ஒயினில் இறங்கும்; அமெரிக்க ஓக்கில் தேங்காய் கொஞ்சம் தூக்கல். எவர்சில்வர் தொட்டியில் வைத்தால் இது எதுவும் வராது. எளிய ஷாப்ளி பெரும்பாலும் எவர்சில்வர் தொட்டியில்தான் இருக்கிறது.

ஷார்டொனே தானாக அதிகம் மணக்காத திராட்சை. அதனால்தான் செய்கிறவர் கை அதில் அப்படியே பதிகிறது. சோவின்யோன் பிளான் என்ற திராட்சை அப்படி இல்லை, பிறவியிலேயே வாசம் உள்ளது. அதில் பச்சைக் குடைமிளகாய் மணம் தருகிற மெத்தாக்சிபைரசின் என்ற பொருள் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும் என்றால் புரியாது, இப்படிச் சொல்கிறேன்: நிறைந்து நிற்கும் மணிமுத்தாறு அணையில், அதாவது 5,511 மில்லியன் கன அடித் தண்ணீரில், முன்னூறு கிராம் சொச்சம் கரைத்தால் அணை முழுக்கக் குடைமிளகாய் வாசம் வரும். பழம் வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்க இது குறையும். குலை மேல் நிழல் கட்டியிருக்கும் இலையைக் கிள்ளிவிட்டாலே ஒயினின் வாசம் மாறுவது இதனால்.

இதே திராட்சையில் கொய்யா, பம்பளிமாஸ் மணம் தரும் கந்தகப் பொருட்களும் உண்டு. அவை பழத்தில் வேறொன்றோடு பிணைந்து வாசமே இல்லாமல் கிடக்கும். முழுப் பூண்டு மணக்காமல் இருப்பது போல. பூண்டைத் தட்டினால் மணம் வரும், இங்கே தட்டுகிற வேலையை ஈஸ்ட் செய்கிறது. எந்த ரக ஈஸ்ட்டைப் போடுகிறோமோ அதற்கேற்ப மணம் கூடும், குறையும். 1970-களில்தான் இந்தக் கொடியை நட்ட நியூசிலாந்தின் மார்ல்பரோ, இந்த மணத்தாலேயே உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. பிரான்சின் சான்செரில் அதே திராட்சை அடக்கமாகப் பேசும்.

மண்? இங்கேதான் வம்பு. ஷாப்ளி மண்ணில் சுமார் 15 கோடி ஆண்டு பழைய கடல் சிப்பிகளின் புதைபடிவம் கிடக்கிறது. ஒயினில் அந்தச் சிப்பி ருசி தெரிகிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. நிலவியல் அறிஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை. வேர் உறிஞ்சுவது கல்லை அல்ல, மிகச் சிறிய அளவில் கரைந்த தாதுக்களை. அந்த அளவு நாக்குக்கு எட்டாது. மண் வேறு வழியில் வேலை செய்கிறது: தண்ணீரை எவ்வளவு வேகமாக வடியவிடுகிறது, எவ்வளவு சூட்டைப் பிடித்துவைக்கிறது என்பதில். 1976-இல் பாரிஸில் சீட்டை மறைத்து நடந்த ஒரு சோதனையில் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னிய ஷார்டொனே ஒன்றுக்கு முதலிடம் கொடுத்தார்கள். எது எந்த நாட்டுச் சரக்கு என்பதிலும் தடுமாறினார்கள். நம் ஊர் அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணிதான் காரணம் என்பதையும் நான் இதே சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். கோதுமைப் பாலை எவ்வளவு நேரம் தெளியவிட்டார்கள், எத்தனை மணி நேரம் கிண்டினார்கள் என்று முதலில் கேட்பேன். தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. சொன்னால் டவுனில் நான் ரத வீதிப் பக்கம் போக முடியாது.

எழுதிக்கொண்டு வரும்போதுதான் அந்த ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது. ஷாப்ளி ஐந்து டிகிரியிலிருந்து நேரே டம்ளருக்கு வந்திருக்கிறது. கலிஃபோர்னியா புட்டி பாளையங்கோட்டைச் சித்திரைச் சூட்டில் சூட்கேஸுக்குள் வெந்திருக்கிறது. குளிரில் மணப்பொருட்கள் ஆவியாகாமல் அடங்கிவிடும், புளிப்பு மட்டும் முன்னால் நிற்கும். சூட்டிலோ வெண்ணெயும் வெனிலாவும் ஆல்கஹாலும் சேர்ந்து மூக்கில் ஏறும். மறுநாள் மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டு மிச்சம் இருந்த இரண்டையும் உள்ளே வைத்தோம். சாயங்காலம் இரண்டையும் வெளியே எடுத்து, கால் மணி நேரம் பொறுத்துக் குடித்துப் பார்த்தான்.

"இப்போ அவ்வளவு வித்தியாசம் இல்ல அத்தான்," என்றான். பிறகு கலிஃபோர்னியா டம்ளரை மறுபடி மோந்து பார்த்துவிட்டு, "ஆனா வெண்ணெய் இருக்கு," என்றான்.