பட்டாளத்தில் தன்பாலீர்ப்பாளர்: கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டியவை

"377தான் போய்விட்டதே, இனி பட்டாளத்தில் சொல்லிக்கொண்டே வேலை பார்க்கலாமா?" கடலூர், பண்ருட்டிப் பக்கம் பட்டாளத்தில் சேர விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களில் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பது இது. 377 என்பது தன்பாலுறவைக் குற்றமாக்கி வைத்திருந்த பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு. தன்பாலீர்ப்பாளர் சேரக் கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு ராணுவச் சட்டத்தில் இல்லை. சொன்னவரைக் காப்பாற்றும் பிரிவும் இல்லை, சிக்கலே அங்கேதான்.

அது குற்றமில்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு ஊருக்குள் செல்லும். யூனிட்டுக்குள் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' இழிசெயல் என்று ஒன்றை இன்னும் வைத்திருக்கிறது, 7 ஆண்டு வரை சிறை. 2019 ஜனவரியில் அப்போதைய தளபதி பிபின் ராவத், ராணுவத்தில் இதை ஏற்க முடியாது என்று பத்திரிகையாளர்களிடமே சொன்னார். என்னைக் கேட்டால் சொல்லிவிட்டுப் பணியாற்றும் உரிமை வேண்டும். ஒளித்து வைக்கச் சொல்வதால்தானே அதை வைத்து மிரட்ட ஆள் வருகிறான். ஆனால் அது வரும்வரை பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே.

பெரும்பாலும் கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) வரை யாரும் போவதில்லை. போனில் இருந்த அரட்டைச் செய்திகளை யாரோ பார்த்துவிடுவார்கள், அப்புறம் ஒரு பெரியவர் தோளில் கைபோட்டு "பேர் கெட வேண்டாம் தம்பி, விலகுகிறேன் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்பார். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படித்தான் எழுதிக் கொடுத்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேண்டுகோளின் பேரில்' என்று ஒரே வரி. ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 ஆண்டு முடியாமல் இப்படி வந்தால் பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டையும் இல்லை. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால், பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸைக் கேள் என்கிறார்கள், அங்கே எழுதினால் நீ கேட்டதைத்தானே கொடுத்தோம் என்று பதில் வருகிறது. இதைச் சொல்லவா இத்தனை மேசை?

4 ஆண்டுக்கு மட்டும் எடுக்கும் அக்னிவீர் என்றால் பென்ஷன் எப்படியும் கிடையாது. ஆனால் 4 ஆண்டு முடியாமல் தானாக எழுதிக் கொடுத்து வெளியே வந்தால் சேவா நிதியில் (பணி முடிவில் தரும் சேமிப்புத் தொகையில்) அரசு போட்ட பங்கு போய்விடும், சம்பளத்தில் பிடித்த பணமும் அதன் வட்டியும்தான் கைக்கு வரும்.

ஆகவே எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்களே அனுப்புவதானால் நோட்டீஸ் கொடுத்துக் காரணம் கேட்கட்டும், அந்த நோட்டீஸின் நகலை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். டிஸ்மிஸ் (தண்டனையாக நீக்குவது) வேறு, டிஸ்சார்ஜ் (பணியிலிருந்து விடுவிப்பது) வேறு: டிஸ்மிஸ் என்றால் எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் பென்ஷன் பொதுவாகப் போய்விடும். "ரெண்டு நாள் மனநல வார்டில் இருந்துவிட்டு வா" என்பதையும் லேசாக எடுக்காதீர்கள், உடல்-மனத் தகுதியைக் காட்டும் மெடிக்கல் கேட்டகரி இறங்கினால் பதவி உயர்வு தொடங்கி எல்லாவற்றிலும் அது தொடரும். என்ன எழுதினார்கள் என்று 10 ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ.யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்) கேளுங்கள், தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன.

வழக்கு என்றால் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நேராகப் போனால் முதலில் துறையில் முறையிட்டாயா என்று திருப்பிவிடுவார்கள். முறையிட்டு 6 மாதம் பதில் இல்லையென்றால், அடுத்த 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பதில் வரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருந்து கெட்டவர்கள்தான் அதிகம்.

நம் ஊரில் சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எல்லாமே மிலிட்டரிதான். சட்டத்துக்கு அப்படி இல்லை. அவர்களும், புதுச்சேரியில் பார்க்கிற கடலோரக் காவல்படைக்காரர்களும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, உயர் நீதிமன்றம்தான். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100-க்கு அழைத்து, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவிக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள்.

முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், 6 மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.