ஒரிஜினல் தட்டா, ரீமாஸ்டரா? முதலில் வால்யூமைச் சமமாக வையுங்கள்

பெங்களூருவில் மாஸ்டரிங் வேலை செய்கிறேன்; அதாவது, பதிவான பாட்டை வெளியிடும் முன் கடைசியாக அதன் சத்தத்தைச் சீர்செய்து தருவேன். பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றியும் தருகிறேன். ரோஜர் வாட்டர்ஸ் 2002-லும் அயர்ன் மெய்டன் 2007-லும் வந்து வாசித்துப் போன ஊர் இது; ராக் கேட்கும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து இளைஞர்கள் அப்பா, சித்தப்பா காலத்து எல்.பி. இசைத்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதே ஆல்பத்தின் ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவை மறுபடி சீர்செய்து வெளியிட்ட பதிப்பு, அவர்கள் போனிலும் இருக்கும். "அண்ணா, இதில் எது நல்ல சவுண்டு?" என்று கேட்பார்கள்.

இரண்டையும் ஒரே சத்த அளவில் கேட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். அநேகமாக யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கேதான் ஒப்பீடு கெட்டுப்போகிறது.

சத்தம் கூடக் கூட, பேஸும் உச்ச ஸ்வரங்களும் நம் காதுக்கு இன்னும் எடுப்பாகக் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஒன்றிரண்டு டெசிபெல் கூடினாலே போதும். "சத்தமாக இருக்கிறது" என்று நமக்குத் தோன்றாது, "தெளிவாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். தொண்ணூறுகளுக்குப் பின் வந்த ரீமாஸ்டர்கள் பல, பழைய பதிப்பைவிடக் கணிசமாகச் சத்தம் கூடியவை. வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் முதல் அரை நிமிடத்தில் ரீமாஸ்டர்தான் ஜெயிக்கும்.

சரி, எப்படிச் சமப்படுத்துவது? நீங்கள் உட்காரும் இடத்தில் போனை வைத்து, சத்தம் அளக்கும் இலவச ஆப் ஒன்றைத் திறங்கள். இரண்டு பதிப்பிலும் பாட்டின் ஒரே பகுதியை ஓடவிட்டு, சராசரி அளவு ஒரு டெசிபெல்லுக்குள் வரும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகு டிரம்ஸைக் கவனியுங்கள். ஸ்னேர் டிரம்மின் அடி முன்னால் வந்து தெறிக்கிறதா, மற்ற வாத்தியங்களோடு அமுங்கிக் கிடக்கிறதா? ரீமாஸ்டரில் லிமிட்டர் என்ற கருவியைப் போட்டு, ஒலியின் உச்சங்களை வெட்டித்தான் அந்தக் கூடுதல் சத்தம் வாங்கப்பட்டது. வெட்டிய அடி திரும்ப வராது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு வலிக்கிறது. நல்ல டிரம்மர் ஒருவர் கையை ஓங்கி அடித்ததும் மெல்லத் தட்டியதும் ஒரே உயரத்தில் நிற்கும்.

ரீமாஸ்டர் என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களும் 2002-ல் மறுவெளியீடு ஆனபோது, பேஸையும் டிரம்ஸையும் வேறு ஆட்களை வைத்துப் புதிதாகப் பதிவு செய்து மாற்றியிருந்தார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். 2011 பதிப்பில்தான் பழைய வாசிப்பு திரும்பியது.

இன்னொரு பொறி, டைனமிக் ரேஞ்ச் எண்; உச்சச் சத்தத்துக்கும் சராசரிச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைச் சொல்வது. தட்டிலிருந்து எடுத்த ஃபைலுக்கு 12, சி.டி.க்கு 8 என்று இணையத்தில் பார்த்துவிட்டுத் தட்டுதான் உசத்தி என்று முடிவு கட்டுகிறார்கள். சி.டி.க்குப் போன அதே மாஸ்டரை (சீர்செய்து முடித்த பதிவை) தட்டில் வரிகளாக வெட்டி, அதைத் திரும்ப ஃபைலாகப் பதிவு செய்தாலும் இந்த எண் ஏறிவிடும். வெட்டும்போதும் ஊசி படிக்கும்போதும் ஒலி அலைகளின் ஃபேஸ், அதாவது ஒன்றுக்கொன்று உள்ள நேர ஒழுங்கு, நகர்ந்து, தட்டையாக இருந்த உச்சங்கள் மறுபடி கூராகத் தெரியும். அந்த எண்ணை வைத்து சி.டி.யையும் தட்டையும் ஒப்பிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அதற்காகப் பழைய தட்டு எல்லாமே தங்கம் என்று நான் சொல்லமாட்டேன். 33⅓ வேகத்தில் சுற்றும் எல்.பி.யின் வெளி வரியில் (வரி என்பது ஊசி ஓடும் பள்ளம்) ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் வரியில் 21தான். அதே நொடி இசை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுகிறது; அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டில் சிம்பல்ஸ் கரகரக்கிறது. பல நாட்டுத் தட்டுகள் மூல டேப்பிலிருந்து இல்லாமல் அதன் நகலிலிருந்து வெட்டப்பட்டவை. மூல டேப்பைத் தேடி எடுத்து, அளவாகக் கைவைத்த ரீமாஸ்டர் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஒரிஜினல் என்பதும் ஒன்றே ஒன்று இல்லை. லெட் செப்பலின் ராக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை 1969-ல் மாஸ்டரிங் பொறியாளர் பாப் (ராபர்ட்) லட்விக் தட்டுக்கு வெட்டினார். பேஸ் அத்தனை பலமாக இருந்ததில் மலிவான பிளேயர்களில் ஊசி குதித்தது. உடனே அடக்கமான வேறு வெட்டு கடைக்கு வந்தது. ஆல்பம் ஒன்று, கேட்கும் சத்தம் இரண்டு. தட்டின் நடுப்பகுதியில், வரிகள் முடியும் இடத்தில் ஆர்.எல். என்று அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கீறியிருக்கும் முதல் வெட்டுக்குத்தான் இன்று அவ்வளவு விலை.

தேய்ந்த ஊசியோடு எந்த ஒப்பீட்டிலும் இறங்காதீர்கள். தீர்ப்பு தப்பாகும், தட்டும் பாழாகும்.

அப்புறம், காசு விஷயம். அட்டையில் 1973 என்று இருப்பதால் தட்டு 1973-ல் அழுத்தியது ஆகிவிடாது; அது பெரும்பாலும் உரிமை ஆண்டு, மறு அச்சுகளிலும் அப்படியே வரும். தெரிந்த ஒரு பையன் அந்த ஆண்டை நம்பி, இங்கே ஒரு கடையில் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து மறு அச்சை வாங்கிவந்தான். பார்க்க வேண்டியது ஆர்.எல். போல அதே நடுப்பகுதியில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணை; தட்டு எந்த வெட்டிலிருந்து அழுத்தியது என்பதை அதுதான் சொல்லும். கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்திய தட்டுகள் சிலவற்றில்கூட இங்கிலாந்து மேட்ரிக்ஸ் எண்ணே இருக்கும். குறைந்த விலையில் கிடைத்தால் விடாதீர்கள். விற்பவரிடம் இரண்டு பக்கத்து எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் (Discogs) தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டோ தர மறுத்தால், மறு அச்சுக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.