தெருவிளக்கின் கீழும் தூங்கும் மரம்

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் தெருமுனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலைகளை மடித்துக்கொள்கிறது. இருட்டுவதால்தான் என்றால், பக்கத்திலேயே தெருவிளக்கு விடிய விடிய எரிந்தும் அது ஏன் விரிவதில்லை?”

மரம் வெளிச்சத்தை மட்டுமே நம்பி இருப்பதில்லை. 1729-இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மைரான் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மூடின. ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றுடைய ஓர் உயிர்க்கடிகாரம் செடிக்குள்ளேயே ஓடுகிறது. (செடியில் முதலில் தெரிந்த விஷயம், 2017 நோபல் பரிசு என்னவோ பழ ஈயின் கடிகாரத்தை ஆராய்ந்தவர்களுக்குத்தான் போனது.)

கடிகாரம் இலையை அசைக்கும் விதம்தான் அழகு. ஒரு கொத்தைக் கையிலெடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் காம்பு சற்றே தடித்து, மணிக்கட்டைப் போல ஒரு முட்டு இருப்பது தெரியும். இலையடி அதைப்பு எனப்படும் இதன் ஒரு பக்கச் செல்கள் விறைத்தால் இலை விரியும், எதிர்ப்பக்கச் செல்கள் விறைத்தால் மடியும். மாலையில் விரிக்கும் பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம், குளோரைடு அயனிகள் வெளியேற, அவற்றைத் தொடர்ந்து நீரும் சவ்வூடு பரவலால் வெளியேறி அச்செல்கள் தொய்கின்றன. அதே வேளையில் மறுபக்கச் செல்கள் அயனிகளையும் நீரையும் உள்வாங்கி விறைக்கின்றன. அயனிகளை உள்ளிழுக்க, செல் சவ்விலுள்ள புரத எக்கிகள் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளியாக வேண்டும்; அதற்கு செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாகிறது. நாம் தூக்கம் என்று சொல்வது மரத்துக்கு வேலை நேரம்.

வெளிச்சத்துக்கும் இதில் பங்குண்டு: கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது அதுவே. அது குறைந்தால் இலைகள் நேரடியாகவும் மடியும்; ஆடிச் சாரலில் வானம் கறுத்தால் பட்டப்பகலிலேயே இலைகள் மடிவது இதனால்தான். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் அலகில் வெயில் பல்லாயிரம் என்றால், தெருவிளக்கின் அடியில் கிடைப்பது பெரும்பாலும் சில பத்து லக்ஸ்தான்; கடிகாரம் ‘மூடு’ என்னும் வேளையில் அந்த வெளிச்சம் எடுபடுவதில்லை.

புளியமரமும் இப்படித்தான் இரவில் இலை மடிக்கிறது. அதில் பேய் குடியிருப்பதாகச் சொல்வோர் பகலில் அதே மரத்தில் புளி உலுக்கத் தயங்குவதில்லை. புதிய எல்இடி விளக்குகளின் கீழ் நம் ஊர் மரங்கள் எத்தனை மணிக்கு மூடுகின்றன என்று கணக்கெடுக்க ஒரு கேமராவும் லக்ஸ் மீட்டரும் இருந்தால் போதும்; அந்தச் சிறு தொகையைக் கல்லூரித் தாவரவியல் துறைகளுக்குக் கொடுக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை.