பி.டி. பீரியடுக்கு ரெண்டு குச்சி

ரெண்டு கையிலயும் குச்சிய ஊனித் தள்ளிக்கிட்டே நடக்குற நார்டிக் வாக்கிங்னு ஆரம்பிச்சாலே "அது வயசானவங்க பண்றதுதானே"ன்னு கேக்குறாங்க. ஆனா இது ஸ்கூல் பசங்ககிட்ட ரொம்ப முன்னாடியே போயாச்சு. பின்லாந்துல பனி இல்லாத மாசங்கள்ல ஸ்கீ (பனிச்சறுக்கு) வீரர்கள் பயிற்சி விட்டுப்போகாம இருக்க ஸ்கீ குச்சிய வெச்சுக்கிட்டு நடப்பாங்க, ஓடுவாங்க, அத 1966-ல ஹெல்சின்கியில லீனா யாஸ்கெலைனன்னு ஒரு பி.டி. டீச்சர் தன்னோட கிளாஸ் பசங்களுக்கு சொல்லிக் குடுத்துட்டாங்க. நடக்குறதுக்குன்னே செஞ்ச குச்சி கடைக்கு வந்தது 1997-லதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்து வலி, முதுகு வலின்னு இப்ப எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பசங்களே வர்றாங்க. விசாரிச்சா பி.டி. பீரியட மேத்ஸ் மிஸ் வாங்கிட்டுப் போயிருப்பாங்க, அப்படியே கிரவுண்டுக்கு விட்டாலும் நல்லா ஆடுறவன்தான் ஆடுவான், கொஞ்சம் குண்டா இருக்குற புள்ள எல்லாரோட வாட்டர் பாட்டிலுக்கும் காவலா ஓரமா உக்காந்திருக்கும். அந்தப் புள்ளைக்காகத்தான் இத எழுதுறேன். நார்டிக் வாக்கிங்ல டீம் பிரிக்கிறது இல்ல, அவுட் இல்ல, ஆனா தோள், முதுகு, கையோட பின்பக்கம் எல்லாம் சேர்ந்து தள்ளுறதால அதே வேகத்துல நடந்தாலும் சராசரியா 20% கிட்ட கூடுதலா சக்தி செலவாகுதுன்னு பெரியவங்கள வெச்சு அளந்திருக்காங்க.

குச்சி உயரம் முக்கியம். புள்ளையோட உயரத்த 0.66-ஆல பெருக்குங்க, 145 சென்டிமீட்டர் புள்ளைக்கு 95 கிட்ட வரும். வளர்ற பசங்க, அதனால நீட்டிக் குறைக்கிற மாதிரி வாங்குங்க, ஸ்கூல்னா ஒரே செட்ட எல்லா கிளாசுக்கும் மாத்தி மாத்தி குடுத்துடலாம்.

கையில குடுத்ததும் பசங்க என்ன பண்ணுவாங்கன்னா வலது காலோட வலது கையும் சேர்ந்து போகும், ரோபோ மாதிரி, பக்கத்துல நிக்கிறவன் சிரிப்பான். திட்டாதீங்க. பிடிய விட்டுட்டு, ஸ்ட்ராப் மட்டும் மணிக்கட்டுல மாட்டி, குச்சிய தரையில இழுத்துக்கிட்டே கைய தொங்கப்போட்டு நடக்க விடுங்க, கொஞ்ச தூரத்துலயே எதிர்க்கை எதிர்க்கால் தானா வந்துடும். அப்புறம்தான் லேசா பிடிச்சு, முனை உடம்புக்கு முன்னாடி போகாம சாய்வா ஊனி, இடுப்பத் தாண்டி பின்னாடி வரைக்கும் தள்ளி, கடைசியில உள்ளங்கைய விரிக்கணும். முன்னாடி ஊனுனா அது வெறும் கைத்தடி. ஒருத்தருக்கொருத்தர் ரெண்டு குச்சி நீளம் இடைவெளி இருக்கட்டும், கத்திச்சண்டை போட்டா அன்னைக்கு குச்சி கட், அதுல மட்டும் நான் ஸ்ட்ரிக்ட்.

மூட்டு மேல விழுற பாரம் பாதியா குறையும்னு விளம்பரத்துல வர்றத அப்படியே நம்பாதீங்க, சமதரையில அளந்து பாத்த சில ஆய்வுகள்ல அப்படி பெரிய வித்தியாசம் தெரியல. இது மட்டுமே போதும்னும் சொல்ல மாட்டேன். 5-லருந்து 17 வயசு வரைக்கும் தினமும் சராசரியா 60 நிமிஷம் உடம்பு அசையணும், அதுல வாரத்துக்கு 3 நாளாவது நல்லா மூச்சு வாங்குறதும், தசைக்கும் எலும்புக்கும் பலம் குடுக்குறதும் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால கபடி, ஸ்கிப்பிங், மரம் ஏறுறது எல்லாம் நடக்கட்டும். நடக்கிறப்ப பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் சரி. வீசிங் இருக்குற புள்ளைன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு, மெதுவா ஆரம்பிச்சு, இன்ஹேலர் கையோட இருக்கட்டும்.

தார் ரோடு, சிமெண்ட் தரைன்னா முனைக்கு ரப்பர் போட்டுத்தான் விடணும். அது தேஞ்சு உள்ள இருக்குற உலோக முனை தெரிய ஆரம்பிச்சா உடனே மாத்திடுங்க, சிமெண்ட்ல சர்ருன்னு வழுக்கிடும்.