முக்காலி மேல் ஏறும் தீபாவளி

தீபாவளி நெருங்கினால் எங்கள் விபத்துப் பிரிவுக்குப் பட்டாசுக் காயங்களுக்கு முன்பே வந்துசேர்கிறவர்கள், ஒட்டடை அடிக்க ஏறியவர்கள்தான்.

சென்ற முறை வந்த அம்மா, செங்குத்துச் சரிவிலே பல வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அங்கே சறுக்காத கால், தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டில் மேசைமேல் முக்காலி போட்டு ஏறியபோது சறுக்கிவிட்டது. தலைமுடியெல்லாம் அடுப்புக்கரி ஒட்டிய ஒட்டடை. இடது மணிக்கட்டு முள்ளுக்கரண்டியின் முதுகைப்போல வளைந்து நின்றது. அந்தக் கையின் கண்ணாடி வளையல்களைக் கழற்ற விடவில்லை. "தீபாவளிக்கு வாங்கியது, மிஸ்!" வீக்கம் ஏறினால் வளையலும் மோதிரமும் இரத்த ஓட்டத்தை நெரிக்கும். அடிபட்ட கையிலிருந்து அவற்றை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

முகட்டை அண்ணாந்து பார்க்கும்போதே சிலருக்குத் தலை சுற்றும். எட்டாத மூலைக்கு உடம்பு சாயும்போது முக்காலியின் ஒரு கால் கிளம்பிவிடும். கால் தரையில் இருக்கட்டும், கம்பு மேலே போகட்டும். காய்ந்த மூங்கிலின் நுனியில் பழைய துணியை இறுக்கிக் கட்டினால் பழைய பங்களாக்களின் உயர்ந்த சீலிங்கும் எட்டும். மின்வயர் ஓடும் இடமென்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மூலையில் குளவிக்கூடு தெரிந்தால் கம்பைக் கீழே வையுங்கள்; மலையகத்தாருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஏணிதான் வேண்டுமென்றால், 12 அடி உயரத்தில் சாய்க்கும் ஏணியின் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்கவேண்டும். ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரையை உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்கவே வேண்டாம். பழைய, வெடித்த சீட்டிலிருந்து கிளம்பும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கூரைமேல் ஏறுவதும் ஆபத்து, சீட் உடைந்து ஆள் உள்ளே விழுவார்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. உயரத்திலிருந்து குதிக்கால் ஊன்ற விழுந்தவர், குதிக்கால் வலியை மட்டுமே சொல்வார். முதுகெலும்பும் உடைந்திருக்கலாம். ஆனால் நம் ஆட்கள் பாசத்தில் நான்கு பேராகத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுவருகிறார்கள். வேண்டாம். விழுந்த இடத்திலேயே அசையாமல் கிடக்கட்டும், போர்வை போர்த்துங்கள். இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும், லயத்துக்குக் கிட்டே உள்ள கோயிலையோ கொழுந்து நிறுக்கும் மடுவத்தையோ சொல்லுங்கள். பனிமூட்டத்தில் வழி தேடி வருகிறவர்களுக்கு ஒரு பிள்ளையை டோர்ச் லைட்டோடு சந்தியில் நிறுத்துங்கள்.