ஹெபடைட்டிஸ்: கல்லீரல் அழற்சி என்ற சொல்லும் உறவுக்குப் பிந்தைய முதல் 24 மணி நேரமும்

மருத்துவர் 'ஹெபடைட்டிஸ் பி' என்கிறார். வீட்டில் அதையே 'மஞ்சள் காமாலை' என்கிறார்கள். பள்ளிப் பாடநூலில் 'கல்லீரல் அழற்சி' என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்களிடம் கேட்டால் 'செங்கமாரி' என்பார்கள். இந்த நான்கும் ஒரே பொருள் தருபவை அல்ல. இவற்றைக் கலந்து பேசுவதால் வரும் குழப்பம், பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பிறகு என்ன செய்வது என்று தவிக்கும் ஒருவரின் பொன்னான நேரத்தைத் தின்றுவிடுகிறது.

ஹெபடைட்டிஸ் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். 'ஹெபார்' என்றால் கல்லீரல். ரத்தம் உறையாமல் இருக்க இதய நோயாளிகளுக்குப் போடும் ஹெப்பாரின் ஊசியின் பெயரிலும் இதே வேர்தான் உள்ளது. அந்தப் பொருள் முதலில் கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட்டது. பின்னால் வரும் 'ஐட்டிஸ்' கிரேக்கத்தில் 'அதைச் சார்ந்தது' என்பதைக் குறிக்கும் வெறும் விகுதி. ஆக, தொடக்கத்தில் இந்தச் சொல் கல்லீரலைச் சார்ந்த எந்த நோயையும் குறிக்கக்கூடியதாக இருந்தது. பிற்கால மருத்துவ வழக்கில்தான் அந்த விகுதிக்கு 'அழற்சி' என்ற குறிப்பான பொருள் நிலைத்தது.

அழற்சி என்பது எனக்கு மிகப் பிடித்த கலைச்சொற்களில் ஒன்று. சுழல் சுழற்சியாவது போல, முயல் முயற்சியாவது போல, அழல் என்பது அழற்சியாகிறது. அழல் என்றால் நெருப்பு. சிவத்தல், சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். 'இன்ஃப்ளமேஷன்' என்ற சொல்லுக்குள்ளும் லத்தீன் தீச்சுடர் இருக்கிறது. ஒரே உடல் அனுபவத்தை இரண்டு மொழிகளும் தீயாகவே உணர்ந்திருக்கின்றன. எனவே ஹெபடைட்டிஸுக்குச் சரியான தமிழ் கல்லீரல் அழற்சிதான். இலங்கையில் 'ஈரல் அழற்சி' என்றும் எழுதுவார்கள். நுரையீரல், மண்ணீரல் என்று வேறு ஈரல்களும் இருப்பதால் 'கல்' சேர்ப்பது தெளிவு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கல்லீரல் அழற்சி என்பது கல்லீரலின் நிலையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. மதுவாலும், சில மருந்துகளாலும், உடலின் நோயெதிர்ப்பே தடம் மாறுவதாலும்கூட அது வரும். ஏ, பி, சி, டி, ஈ என்ற எழுத்துகள் வைரஸ்களைக் குறிக்கின்றன. ஏ, பி என்ற பெயர்களை 1947-இல் முன்வைத்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கல்லம். சி வைரஸ் 1989-இல் அடையாளம் காணப்பட்டது.

இனி காமாலை. சமஸ்கிருத 'காமலா'விலிருந்து வந்த இந்தச் சொல், கண்ணும் தோலும் மஞ்சளாகும் அறிகுறியைக் குறிக்கிறது. பிலிரூபின் என்ற நிறமியைக் கல்லீரலால் வெளியேற்ற முடியாதபோது அந்த மஞ்சள் படிகிறது. பித்தப்பைக் கல் அடைத்தாலும் படியும், பிறந்த குழந்தைக்கும் படியும். 'காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்று பழமொழி சொல்லிப் பழகிய நமக்கு, மஞ்சள் இல்லாவிட்டால் நோயும் இல்லை என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. அது ஆபத்தான எண்ணம். பி வகை வைரஸ் தொற்றிய பெரியவர்களில் பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. சோர்வு, பசியின்மை, லேசான காய்ச்சல் என்று வந்து போய்விடும். அதுவும் இல்லாமல் போகலாம். அறிகுறி வருவதானாலும் தொற்றிய 30 முதல் 180 நாட்களுக்குள்தான் வரும். அதுவரை கண்ணாடியில் கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பவர், தடுக்கக்கூடிய நேரத்தை இழந்துவிடுகிறார்.

பி வைரஸ் ரத்தத்திலும், விந்திலும், பெண்குறித் திரவத்திலும் இருக்கிறது. ஆணுறை இல்லாத உடலுறவு அது பரவும் முக்கிய வழிகளில் ஒன்று. அப்படி ஓர் உறவு நடந்திருந்தால், நீங்கள் முன்பு இந்தத் தடுப்பூசியை முழுமையாகப் போட்டிருக்கிறீர்களா என்பதே முதல் கேள்வி. இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இது 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2011 வாக்கில்தான் நாடு முழுவதும் விரிந்தது. ஆகவே இன்று முப்பதைத் தாண்டியவர்களில் பலர் தனியாகப் போட்டிருந்தால் ஒழிய பாதுகாப்பில்லாமல் இருக்கிறார்கள்.

போடாதவர், இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநாய் கடித்த பிறகு ஊசி போடுகிறோமே, அதே தர்க்கம்தான்: வைரஸ் வேரூன்றுவதற்குள் உடலைத் தயார்ப்படுத்துவது. துணைவருக்கு பி தொற்று இருப்பது உறுதியாகத் தெரிந்தால், தடுப்பூசியோடு 'இம்யூனோகுளோபுலின்' என்ற ஆயத்த எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்கும் புரதம்) ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். அதையும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. உடலுறவுக்குப் பிறகு 14 நாள் கடந்தால் அதனால் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிறிய மருந்தகங்களில் இது கிடைப்பது அரிது என்பதால் பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். பிறகு ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் மீதித் தவணைகளைத் தவறாமல் முடிக்க வேண்டும். முன்பே முழுத் தவணையும் போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவானது பரிசோதனையில் உறுதியானவருக்கு எதுவும் தேவையில்லை. போட்டும் பரிசோதிக்காதவருக்கு, துணைவரின் தொற்று உறுதியானால் ஒரு கூடுதல் தவணை போதும்.

அதே நாளில் எச்.ஐ.வி. பற்றியும் கேட்டுவிடுங்கள். அதற்கான தடுப்பு மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். மஞ்சள் காமாலைக்கு அஞ்சி வந்தவர் இதை மறந்துவிடக்கூடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் ரகசியம் காத்து ஆலோசனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் தருகிறார்கள். அங்கே போக வெட்கப்பட எதுவும் இல்லை. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்; எந்த வகை உறவு, எப்போது என்பதை வைத்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும்.

மறுநாள் காலையில் ஆய்வகத்துக்கு ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எச்.பி.எஸ்.ஏஜி.' பரிசோதனை, வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. தொற்றிய பிறகு அது தென்படச் சராசரியாக நான்கு வாரம் ஆகும். முதல் நாள் பரிசோதனை உங்கள் பழைய நிலையைத்தான் காட்டும். நேற்றைய இரவைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல முடியாது. அதை ஒப்பீட்டுக்காக எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை கட்டாயம், ரத்த தானம் கூடாது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏ வகை மலத்திலிருந்து வாய்க்குப் பரவுவது. வாயும் மலவாயும் சேரும் உறவிலும் பரவும், அதற்கும் தடுப்பூசி உண்டு. சி வகை பெரும்பாலும் ரத்தத்தால் பரவுகிறது. ஆண்–பெண் உறவில் பரவுவது அரிது, ஆண்களுக்கிடையிலான உறவில், குறிப்பாக எச்.ஐ.வி. இருப்பவர்களிடம், வாய்ப்பு கூடும். சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் ஏறத்தாழ மூன்று மாத மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முற்றிலும் குணமாகிறார்கள். டி வகை, பி இருப்பவருக்கு மட்டுமே வரும். ஈ பெரும்பாலும் அசுத்தமான குடிநீரால் வருவது.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும், பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பெற்ற பரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து, நாட்பட்ட பி தொற்றில் கீழாநெல்லி நல்ல பலன் தந்ததாக 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். நமக்குப் பெருமை தந்த ஆய்வு அது. ஆனால் பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. உறவுக்குப் பிந்தைய தடுப்பூசிக்குப் பதிலாக எந்தக் கீரையும் நிற்காது.

தொற்றே வந்துவிட்டாலும், பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் வைரஸைத் தாமாகவே வென்றுவிடுகிறார்கள். பிறக்கும்போதும் பச்சிளம் பருவத்திலும் தொற்றினால் நிலைமை தலைகீழ். ஏறத்தாழ 95 சதவீதம் நாட்பட்டதாகிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் ஊசி போடுகிறார்கள். நாட்பட்ட தொற்று உள்ளவரின் துணைவர் பரிசோதித்து, தொற்றில்லை என்றால் மூன்று தவணை போட்டு, ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு 10 mIU/mL-ஐத் தொட்டதா என்று பார்த்துக்கொள்ளலாம். ரேசரும் பல் துலக்கியும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டி அணைப்பதாலோ இது பரவாது. இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.